பொம்மை எஞ்சினுக்கு எவ்வளவு மின்சாரம்?

தாராபுரத்துச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்த என் மகன், பொம்மை விமான எஞ்சினைக் கிளப்ப ஸ்கூட்டர் பாட்டரியைக் கேட்கிறான். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், அம்மா! ஸ்கூட்டர் பாட்டரி 12 வோல்ட். எஞ்சினின் தலையிலுள்ள 'குளோ பிளக்' கேட்பதோ ஒன்றரை வோல்ட்தான். அதற்குள் இருப்பது மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள். 12 வோல்ட் பாய்ந்தால் கண் சிமிட்டுவதற்குள் அறுந்து போகும். அதற்காகச் சுவர்க்கடிகாரத்துச் செல்லை மாட்டினாலும் பயனில்லை. சுருள் பழுக்க 2, 3 ஆம்பியர் வேண்டுமே! இதற்கென்றே 1.2 வோல்ட் நிக்கல் செல் வைத்த கைப்பிடி விற்கிறார்கள். அதை வாங்கிக் கொடுங்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் மின்சாரத்தை எடுத்துவிடலாம்! உள்ளே எரியும் சூட்டோடு, மெதனால் ஆவி பிளாட்டினத்தில் படுவதாலும் சுருள் தானே கனன்றுகொண்டிருக்கும். 1947-ல் அமெரிக்கரான ரே ஆர்டன் கண்ட யுக்தி இது. கைப்பிடியை எடுக்கும்போது மட்டும், சுழலும் விசிறிக்குப் பின்புறமிருந்துதான் கை போகவேண்டும்.

எனக்குக் கவலை எரிபொருளைப் பற்றித்தான். அதில் நம் விளக்கெண்ணெயும் கலப்பதுண்டு. ஆனால் பெரும்பகுதி மெதனால். கொஞ்சம் வாயில் போனாலும் கண் பார்வையையே பறிக்கும் விஷம். பகல் வெளிச்சத்தில் அதன் தீயும் கண்ணுக்குத் தெரியாது. அந்த டின்னைச் சமையலறைப் பக்கமே விடாதீர்கள். பூட்டி வைத்துச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.