படிப்படியாக ஏறட்டுமே!

எங்கள் சங்கரன்கோவிலில் பக்கத்து வீட்டு மருமகள் கேட்டாள்: "அக்கா, மக சாரணியர்ல சேருவேன்னு நிக்கா. பத்து வயசுதானே! முகாம், அடுப்புன்னா பயமா இருக்கு."

எடுத்த எடுப்பிலேயே அடுப்பு இல்லை, சகோதரிகளே! 1950-ல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சின்னப் பெண்கள் 'நீலப்பறவையர்', விளையாட்டோடு பழக்கம். பத்து வயதில் சாரணியர். பிறகு முதல், இரண்டாம், மூன்றாம் 'சோபானம்'. சோபானம் என்றாலே படிதானே! முதலில் முடிச்சும் முதலுதவியும். அடுத்துத்தான் திறந்தவெளிச் சமையல்.

வீட்டிலும் அப்படியே. ஐந்து வயதில் பட்டாணி உரிக்கட்டும். எட்டில் காய் கழுவட்டும். பத்தில், நீங்கள் பக்கத்தில் நிற்க, அடுப்பு பற்றவைக்கட்டும். ஒன்று கைவந்த பிறகே அடுத்தது. பயந்து தடுத்தால் குழந்தை கீழ்ப்படியிலேயே நின்றுவிடும். அவசரப்பட்டுத் தூக்கிவிட்டால் இறங்கத் தெரியாமல் அழும்.

முகாமுக்கு எந்த ஆசிரியை கூட வருகிறார் என்று கேட்டுக்கொண்டு, தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்!