கால்மணி நேரக் காற்று

ஆதிசேஷனும் வாயுவும் பலம் பார்த்த போட்டியில் மேருவிலிருந்து பெயர்ந்து வந்து விழுந்த மலைதான் திருமலை என்கிறது தலபுராணம். பக்கத்திலிருக்கும் காளஹஸ்தி, பஞ்சபூதத் தலங்களில் வாயுவுக்கு உரியது. காற்றுப் புகாத கருவறையிலும் அங்கே ஒரு தீபம் அசைந்துகொண்டே இருக்கும் என்பார்கள். காற்றைக் கும்பிடுகிற மண் இது. அஞ்சுகிற மண்ணும்கூட.

அந்த அச்சத்தைச் சித்திரை, வைகாசியில் சித்தூர் மாந்தோப்புகளில் பார்க்கலாம். பகலெல்லாம் நிலம் கொதிக்கிறது. சூடான காற்று ஈரத்தோடு மேலேறி இடிமேகமாகத் திரள்கிறது. அதிலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி, கீழே இருக்கும் வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு முன்னால் சில்லென்று வந்து அறைவது இதுதான். கடலில் உருவாகும் புயல் சில நாட்களாவது அவகாசம் தரும். சூறைக்காற்றுக்குக் கால்மணி நேரம் போதும்.

இங்கே பெருவாரியாக விளைவது தோதாபுரி, நாம் கிளிமூக்கு என்று சொல்கிற பெங்களூரா. ஜூன், ஜூலையில் முற்றிய பிறகுதான் கூழ் ஆலைக்குப் போகும். மே மாதம் உதிர்ந்த பிஞ்சு ஆலைக்கு ஆகாது. ஊறுகாய்க்கு விற்கலாம்தான், ஊரெல்லாம் ஒரே நாளில் உதிர்ந்தால் அதை யார் வாங்குவது? குலை தள்ளிய வாழை சாய்ந்தால் அந்த வருமானமும் போச்சு.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட அதன் ரேடார், தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் காற்றை அளக்கிறது. வானிலைத் துறையும் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறது. அதைக் கேட்டு ஆட்கள் மரத்தடியை விட்டு விலகலாம், மாட்டைக் கொட்டகைக்கு ஓட்டலாம். காயை என்ன செய்வது?

அதனால்தான் நிவாரணம் முக்கியமாகிறது. மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிகளில் புயலும் ஆலங்கட்டி மழையும் பெயரோடு இருக்கின்றன. கோடைச் சூறைக்காற்றுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் கிடையாது. மாநிலங்கள் விரும்பினால் தங்கள் நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம், அவ்வளவே. ஆலங்கட்டி அடித்து விழுந்தாலும் வெறும் காற்றில் விழுந்தாலும் தோப்புக்காரருக்கு நட்டம் ஒன்றுதான். அந்தப் பட்டியலில் சூறைக்காற்றையும் சேர்க்க வேண்டும்.