மின்சாரக் கம்பியில் ஓடிய மகாவீரர்

சென்ற மாதம் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கடைசிப் பெஞ்சியில் ஒரு பையன் பாடப் புஸ்தகத்தில் அப்படியே ஆழ்ந்து போயிருந்தான். இருபது வருஷ உபாத்தியாயர் உத்தியோகத்தில் நாம் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு: எந்தப் பையனும் மின்சாரப் பாடத்தில் அவ்வளவு தூரம் ஆழ்வதில்லை. மெதுவாக அருகில் போய்ப் பார்த்தோம். பாடப் புஸ்தகத்தின் நடுவே, பழுப்பேறி ஓரம் கிழிந்த ஒரு சித்திரக் கதைப் புஸ்தகம். இரும்புக்கை மாயாவி! தகப்பனார் காலத்துப் பிரதியாம். கடமையைச் செய்தோம், அதாவது, பறிமுதல் செய்தோம்.

பறிமுதலான பொருளைப் பரிசீலனை செய்ய வேண்டியது அதிகாரியின் பொறுப்பு அல்லவா? அன்றிரவு சாப்பாடானதும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் வெகு கவனமாகப் பரிசீலித்தோம். "பரீட்சைப் பேப்பர் திருத்தப் போவதாகச் சொன்னீர்களே?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு நாம் பதில் சொல்லவில்லை.

மாயாவியை அறியாத நேயர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறோம். இவர் 1962-ஆம் வருஷம் 'வேலியன்ட்' என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையில் பிறந்தவர். பூர்வாசிரமப் பெயர் லூயிஸ் கிராண்டல். விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். ஆராய்ச்சிச் சாலையில் ஒரு நாள் மின்சாரம் தாக்கியபோது, மற்ற மனிதர்களைப் போல் செத்துப் போகாமல், மறைந்து போனார். உடம்பு மறைந்தது, சட்டை மறைந்தது, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் இவரைத் தமிழுக்கு அழைத்து வந்தது முதல், நம் தேசத்தில் எத்தனையோ கணக்குப் பாடங்களும் பூகோளப் பாடங்களும் இவரால் நாசமாகியிருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால், எவ்வளவு அசௌகரியமான வித்தை! திருடனைத் துரத்துகிறவர் நடுவில் நின்று மின்சார பிளக் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். நம் ஊர் மின்வெட்டுக் காலத்தில் வந்திருந்தால், மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை சாதாரண மனிதராகத் திண்ணையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்பது வயதில் இந்த ஆட்சேபங்கள் நமக்குத் தோன்றவில்லை. தாயாரின் கொண்டை ஊசியை எடுத்து, சுவரிலிருந்த பிளக்கின் துவாரத்தில் செருகினோம். நாம் மறையவில்லை. வீட்டிலிருந்த வெளிச்சம்தான் மறைந்தது. அந்த இருட்டில் தகப்பனாருடைய கை, அது இரும்பாலானதல்ல என்றாலும், கண்ணுக்குத் தெரியாமல் வந்து நம் முதுகில் இறங்கியது. இன்றைக்கு நினைத்தால் நடுக்கம் உண்டாகிறது. ஆகவே, சித்திரக் கதையைக் கண்டு பயந்த பெரியவர்களை நாம் அடியோடு பரிகசிப்பதற்கில்லை. அந்தப் பயத்தின் கதைக்குப் பிறகு வருகிறோம்.

இந்த மகாவீரர் வம்சத்துக்கு மூலபுருஷர் ஸூப்பர்மேன். 1938 ஜூன் மாதத் தேதியிட்ட 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவதாரம் செய்தார். விலை 10 சென்ட். கிளீவ்லந்து நகரத்து இளைஞர்கள் இருவர், ஜெரி ஸீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் படம் வரைந்தார். அந்தப் பழைய கதையை இன்று எடுத்துப் பார்ப்பவர்களுக்கு முதல் ஆச்சரியம், வீரருக்குப் பறக்கத் தெரியாது என்பதே. குதிப்பார். ஒரே தாவலில் அரைக்கால் மைல் போவார். பறக்கும் வித்தை சில வருஷங்கள் கழித்தே வந்து சேர்ந்தது.

இரண்டாவது ஆச்சரியம் அவருடைய நடத்தை. முதல் காரியமாக, நள்ளிரவில் கவர்னர் வீட்டுக்குள் புகுந்து, இரும்புக் கதவைப் பெயர்த்து, தூக்கத்திலிருந்த கவர்னரை எழுப்புகிறார். எதற்கு? குற்றமற்ற ஒரு பெண்ணுக்கு அன்றிரவு மரண தண்டனை நிறைவேறப் போகிறது. அதை நிறுத்த வேண்டும். அடுத்த காரியம், மனைவியை அடிக்கும் புருஷன் ஒருவனைச் சுவரில் மோதுவது. அந்த ஆசாமி கத்தியால் குத்திப் பார்க்கிறான்; கத்தி உடைகிறது; அவன் மூர்ச்சையாகிறான். அதற்குப் பிறகு வாஷிங்டனுக்குச் சென்று, சட்டசபை அங்கத்தினர் ஒருவரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகரைத் தூக்கிச் சுமந்துகொண்டு தந்திக் கம்பிகளின் மேல் ஓடுகிறார். ஓடும்போதே பாடம் நடத்துகிறார்: கம்பியில் உட்காரும் பறவைக்கு ஒன்றும் நேராது, ஆனால் அது கம்பத்தையும் தொட்டுவிட்டால் தீர்ந்தது என்று. சொல்லிவிட்டு, கம்பத்தை அநேகமாகத் தொட்டே விடுகிறார்! தரகர் அலறுகிறார்.

நாம் முக்கால் மணி நேரம் கரும்பலகையில் எழுதியும் ஏறாத விஷயம் இது. தந்திக் கம்பியில் ஆளைக் கொல்லும்படியான மின்சாரம் இராது என்பது வாஸ்தவம். அதைத் தரகருக்குச் சொல்லித் தொலைக்க வேண்டாமென்று ஆசிரியர் விட்டிருக்கலாம்.

அந்த ஆரம்ப வருஷங்களில் ஸூப்பர்மேன் இப்படித்தான் இருந்தார். இரண்டாம் இதழில், வெடிமருந்து வியாபாரி ஒருவரைப் பிடித்து, அவர் விற்ற குண்டுகள் விழும் யுத்தகளத்திலேயே சிப்பாயாகச் சேர்த்துவிடுகிறார். பிறகு இரு தரப்புச் சேனாதிபதிகளையும் தூக்கி வந்து, "நீங்களே சண்டையிட்டு முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எதற்காகச் சண்டை என்பதே தங்களுக்குத் தெரியவில்லை என்று அவர்கள் விழிக்கிறார்கள். 1939 ஜனவரி இதழில் இன்னும் பிரமாதம். புயல் அடித்த ஊரில் சர்க்கார் புது வீடுகள் கட்டிக் கொடுத்த செய்தியைப் பார்க்கிறார். உடனே நகரத்துச் சேரி முழுவதையும், ஜனங்களை வெளியேறச் சொல்லிவிட்டு, தாமே புயலாக மாறி இடித்துத் தள்ளுகிறார். அடக்க வந்த விமானங்கள் போட்ட குண்டுகள் மிச்சத்தையும் இடித்துக் கொடுக்கின்றன. சர்க்காருக்குப் புது வீடு கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சட்டப்படி இது எத்தனை குற்றங்களாகும் என்று நம் வக்கீல் நண்பரைக் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டார்.

யுத்தம் வந்ததும் ஆசிரியர்களுக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டது. 1940-ல் 'லுக்' பத்திரிகைக்காக வரைந்த இரண்டே பக்கக் கதையில் ஸூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்து ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்திவிட்டார். ஜெர்மனியில் நாஜிப் பத்திரிகை ஒன்று ஸீகலை வைது தீர்த்தது. ஆனால் 1941 டிசம்பரில் அமெரிக்கா உண்மையாகவே யுத்தத்தில் குதித்த பிறகு, "இவர் ஏன் போய் அரை மணியில் முடித்துவிடக் கூடாது?" என்று எந்தக் குழந்தையும் கேட்குமே! அதற்கு 1942-ல் கண்டுபிடித்த உபாயம் அபாரமானது. ஸூப்பர்மேன் சாதாரண வேஷத்தில் சைன்யத்தில் சேரப் போகிறார். கண் பரிசோதனை நடக்கிறது. உற்சாக மிகுதியில் அவருடைய எக்ஸ்ரே பார்வை சுவரைத் துளைத்து, அடுத்த அறையிலிருந்த அட்டையைப் படித்துவிடுகிறது. எழுத்துக்கள் தப்பு. கண் பார்வை போதாதென்று வீரரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்!

அவருக்குப் போட்டியாக விற்ற காப்டன் மார்வெலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1943 முதல் 1945 வரை 25 பகுதிகளாக ஒரு தொடர்கதை. உலகத்தையே ஆட்டி வைக்கும் சதிக்கூட்டத்தின் தலைவன் குரல் மட்டும் கேட்கிறது. ஆள் யாரென்று தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சின்னஞ் சிறு புழு! புழுவைக் கைது செய்து, கோர்ட்டில் விசாரித்து, மின்சார நாற்காலியில் உட்கார வைத்துத் தண்டனையும் நிறைவேற்றினார்கள். நசுக்கிவிடலாமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நீதி பரிபாலனம் என்றால் இதுவல்லவா?

இனி அந்தப் பயத்தின் கதை. 1948-ல் நியூயார்க் ராஜ்யத்து பிங்ஹாம்டன் முதலிய ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே சித்திரக் கதைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954-ல் பிரெடெரிக் வெர்த்தம் என்னும் மனநோய் வைத்தியர், இவை குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு புஸ்தகமே எழுதினார். அவர் கெட்ட மனிதரல்ல. ஹார்லெம் பகுதியில் ஏழை நீக்ரோ மக்களுக்கு மலிவான வைத்தியசாலை நடத்தியவர். ஆனால் கரோல் டில்லி என்னும் பேராசிரியை (ஊர்ப் பெயரல்ல) அவருடைய குறிப்புக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்து, குழந்தைகள் சொன்னதை அவர் வெட்டியும் ஒட்டியும் மாற்றியிருக்கிறார் என்று 2012-ல் காட்டினார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. செனட் விசாரணைக்குப் பயந்து பதிப்பாளர்களே 1954-ல் ஒழுங்கு விதிகள் எழுதிக்கொண்டார்கள். நன்மையே எப்போதும் ஜயிக்க வேண்டும். போலீஸாரையும் நீதிபதிகளையும் மதிப்புக் குறைவாகக் காட்டக் கூடாது. கவர்னர் வீட்டுக் கதவைப் பெயர்த்தவருக்கு எஜமானர்கள் அதற்கு முன்பே கடிவாளம் போட்டிருந்தார்கள். இப்போது கொட்டகையிலேயே கட்டிவிட்டார்கள்.

கட்டிப்போட்ட வீரர் என்ன செய்வார்? பைத்தியம் பிடிக்கும். நாம் விழுந்து விழுந்து சிரிக்கும் விசித்திரங்களில் பெரும்பாலானவை இந்தக் காலத்தவை. 1957 மார்ச்சில் பாட்மேன் நாளொரு வர்ணமாக உடுத்தி வருகிறார். ஒரு நாள் ரோஜா வர்ணம்கூட! சிஷ்யன் ராபினுக்குக் கையில் அடிபட்டிருப்பதை ஒருவரும் கவனிக்கக் கூடாதாம். 1958-ல் ஸூப்பர்மேனுக்குச் சிங்க முகம் முளைக்கிறது. அதே வருஷம் அவர் கையிலிருந்து இன்னொரு குட்டி ஸூப்பர்மேன் புறப்பட்டு எல்லா வீரச் செயல்களையும் செய்ய, பெரியவர் பொறாமையால் புழுங்குகிறார். 1959-ல் வந்த புது 'கிரீன் லான்டர்ன்' கையிலுள்ள மந்திர மோதிரம் எதையும் செய்யும், மஞ்சள் நிறத்தைத் தவிர. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி அவருக்குப் பரம சத்துரு. 1960-ல் மின்னல் வேக 'பிளாஷ்' ஆயிரம் பவுண்டு எடைக்குப் பெருத்து உட்கார்ந்துவிடுகிறார். கொரில்லாக்களுக்கோ கணக்கே இல்லை. 1951-ல் ஒரு பத்திரிகையின் மேலட்டையில் கொரில்லா படம் போட, அது அமோகமாக விற்றுவிட்டது. அப்புறம் ஒவ்வொரு ஆசிரியரும் தமக்கும் கொரில்லா வேண்டுமென்று முரண்டு பிடித்ததில், மாதத்துக்கு ஒன்றுதான் என்று ரேஷன் வைக்க வேண்டியதாயிற்று! மேலட்டையை முதலில் வரைந்துவிட்டு, அதற்கேற்ற கதையைப் பிறகு கட்டுவதும் அங்கே வழக்கமாயிருந்தது. சிங்க முகமெல்லாம் வேறு எப்படி வரும்?

சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் முள்ளாகத் தைக்கிற ஒரு விஷயமும் உண்டு. ஸீகலும் ஷூஸ்டரும் ஸூப்பர்மேனின் சகல உரிமைகளையும் 1938-ல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீரர் கோடிகளைச் சம்பாதித்தார். சிருஷ்டித்தவர்கள் வழக்காடித் தோற்றார்கள். ஸீகல் குமாஸ்தா வேலைக்குப் போனார். படம் வரைந்த ஷூஸ்டரின் கண் பார்வை மங்கியது. ஏழைகளுக்காகக் கதவை உடைத்தவர் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டவேயில்லை. 1975-ல் பத்திரிகைகளில் சங்கதி அம்பலமான பிறகுதான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், கதையில் பெயரும் கிடைத்தன. அந்தப் பழைய 130 டாலர் செக்குக் காகிதம் 2012-ல் ஏலத்துக்கு வந்து, 1,60,000 டாலருக்குப் போயிற்று. அப்போது இருவரும் உயிருடன் இல்லை.

மறுநாள் காலை பையனை அழைத்துப் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பிளக்கில் எதையும் செருகிப் பார்க்கக் கூடாதென்று, நம் முதுகின் அநுபவத்தையும் சேர்த்து, கடுமையாக எச்சரித்தோம். அவன் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றான்.

"சார், ஒரு சந்தேகம். உடம்பு மறையறப்போ சட்டையும் சேர்ந்து மறையுதே, கை மட்டும் ஏன் சார் மறையலை?"

"அது பாடத்திட்டத்தில் இல்லை" என்றோம்.

அவன் வாசற்படி தாண்டுவதற்குள் மறுபடியும் கூப்பிட்டோம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அப்பாவிடம் வேறு மாயாவி புஸ்தகங்களும் இருக்கின்றனவா?" என்று கேட்டோம்.