பட்டணத்தில் வழி தெரிய வேண்டாமா?

நம் ஆரணியில் ஒரு பெண் வெளியே புறப்பட்டால் யாரையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாலு தெரு நடந்தால் கடைவீதியும் வந்துவிடும், பேருந்து நிலையமும் வந்துவிடும். அதே பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்னைக் கல்லூரியில் சேர்ந்ததும் பெற்றோர் இடும் முதல் கட்டளை என்ன? "பஸ்ஸிலே ஏறாதே. எங்கே போனாலும் வாடகைக் கார் பிடித்துக்கொள்."

அன்பினால் சொல்வதுதான். ஆனாலும் இது தவறு என்பது என் கருத்து. பட்டு வியாபாரி வீட்டுக்கு இது கட்டுப்படியாகும். கூலிக்கு நெய்கிறவர் மகள் என்ன செய்வாள்? செலவுக்குப் பயந்து எங்கும் போகாமலே இருந்துவிடுவாள். மூன்றாண்டு கழித்து ஊர் திரும்பும்போது விடுதியையும் வகுப்பறையையும் தவிர அவள் கண்டது ஒன்றும் இராது.

சென்னை கார்க்காரர்களுக்காகப் பிறந்த ஊரன்று. 1895 முதல் 1953 வரை அங்கே டிராம் ஓடியது. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-இலேயே வந்துவிட்டது. 1995-இல் தொடங்கிய பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரியை எட்டியது. மெட்ரோ 2015-இல் வந்தது. 2021 மே மாதம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்ய அரசு வழிசெய்தது. இத்தனை இருந்தும் நம் பிள்ளைகளுக்கு மின்சார ரயில் என்றாலே மலைப்பு. ரயில் நம் ஊருக்குள் வருவதில்லை அல்லவா? 'ஆரணி ரோடு' நிலையமே களம்பூரில்தானே இருக்கிறது!

பெற்றோரின் அச்சம் முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். பேருந்துப் பயணம் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. அந்த நடைக்குத்தான் பட்டணத்தில் இடமில்லை. 1973-இல் ஜெமினி அருகே அண்ணா மேம்பாலம் திறக்கப்பட்டது முதல் வண்டிகளுக்கு எத்தனையோ பாலங்கள் எழுந்துவிட்டன. கீழே சாலையைக் கடக்க நிற்கும் பாட்டியை யார் நினைத்தார்கள்? போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஒதுக்குவதென்று சென்னை மாநகராட்சி 2014-இல் கொள்கை வகுத்தது. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதை அகலமாயிற்று; அங்கே நடப்பது இன்பம். மற்றத் தெருக்களில் நடைபாதைமீது மோட்டார் சைக்கிள் நிற்கிறது, மனிதர் சாலையில் இறங்கி நடக்கிறார். இதைத் தட்டிக் கேட்க வேண்டுமானால் நடந்து பார்த்தவர்கள்தாமே கேட்க முடியும்? காருக்குள் இருப்பவளுக்கு நடைபாதை இல்லாதது எப்படித் தெரியும்?

கன்னி மரியாள் எலிசபெத்தம்மாளைக் காண யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து போனார். துணைக்கு யார் போனார் என்று லூக்கா எழுதவில்லை.

நானும் முதல் வாரத்தில் கிண்டியில் எதிர்த்திசை ரயிலில் ஏறிப் பல்லாவரம் போய்ச் சேர்ந்தவள்தான். கண்கள் கலங்கிவிட்டன. பூக்கூடையோடு வந்த ஓர் அம்மாள், "இதுக்கா அழுவுற? அந்தப் பக்கம் போய் நில்லு, கண்ணு" என்று எதிர் நடைமேடையைக் காட்டினார். அதன்பின் நான் திசை தவறியதில்லை.

இரவு வெகுநேரமானால் ஆட்டோவில் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் விடுதியில் சேர்க்க வரும் பெற்றோர் அன்று மாலையே பஸ் ஏறிவிடாமல் ஒருநாள் தங்கட்டும். மகளை முன்னே விட்டுத் தாம் பின்னே நடக்கட்டும். பேருந்து எண்ணை அவளே பார்க்கட்டும். நடத்துநரிடம் அவளே விசாரிக்கட்டும். பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து, சாந்தோம் பேராலயத்துக்கு அவளே அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போகட்டும். செபித்துவிட்டுக் கடற்கரையில் சற்று உட்கார்ந்து, இருட்டுமுன் விடுதிக்குத் திரும்பிவிடலாம்.