ஊருக்குப் போகும் முன்னே ஒரு கணக்கு



பள்ளி விடுமுறை நெருங்கினால் என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவராவது, "சார், நாங்க இந்தியாவுக்குப் போறோம்!" என்று துள்ளிக்கொண்டு வருவார்கள். கேட்க மகிழ்ச்சிதான். கூடவே ஒரு பழைய நினைவும் வரும்.

1983-இல் என் அப்பா பினாங்கில் 'சிதம்பரம்' கப்பல் ஏறித் தாத்தாவின் கிராமத்துக்குப் போனார். மூன்று வருடம் பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் கப்பல் சீட்டு வாங்கினார். அதில் குறையில்லை. ஊரில் இறங்கியதும், 'மலாயாக்காரர் வந்திருக்கிறார்' என்று உறவெல்லாம் கூடியது. ஒருவருக்குச் சேலை, ஒருவருக்குக் கடிகாரம், ஒரு கல்யாணத்துக்கு மொய். இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. வீட்டுச் செலவுப் பணமும் கரைந்தது. அவர் திரும்பி வந்ததும் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. மீட்க இரண்டு வருடம் ஆயிற்று.

1985-இல் நடந்த தீ விபத்தோடு அந்தக் கப்பல் பயணம் நின்றது. இன்று கோலாலம்பூரில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் திருச்சி. ஆனால் கடன் வரும் வழி மட்டும் அதேதான். ஆகவே, சீட்டு வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு தலைப்பு எழுதுங்கள்.

முதலாவது, பயணம்: கடப்பிதழ், விசா, விமானச் சீட்டு, ஈப்போவிலிருந்து பஸ். கடப்பிதழுக்குப் பெரியவர்களுக்கு 200 வெள்ளி. 60 வயதானவர்களுக்கும் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி.

இரண்டாவது, அங்கே சாப்பாடு, வாடகைக் கார், கோயில் செலவு.

மூன்றாவது, உறவினருக்குக் கொடுப்பது. யார் யாருக்கு எவ்வளவு என்று இங்கேயே பெயர் போட்டு எழுதுங்கள். அந்தப் பணத்தைத் தனி உறையில் வையுங்கள். உறை காலியானால் கொடுப்பதும் நிற்க வேண்டும்.

நான்காவது, திரும்பி வந்த மாதம். பலர் மறப்பது இதைத்தான். வேலைச் சட்டப்படி, 5 ஆண்டுக்கு மேல் ஒரே முதலாளியிடம் உழைத்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16 நாள் சம்பள விடுமுறை உண்டு. 2 ஆண்டு நிறையாதவருக்கு 8 நாள். அதற்கு மேல் தங்கினால் சம்பளம் குறையும். அரிசிக்கும் பள்ளி வேனுக்கும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

நால்வருக்கு எல்லாம் சேர்த்து 9,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 250 வெள்ளி சேர்த்தால் மூன்று ஆண்டாகும். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இது பெரும் சுமை. அப்படியானால் இம்முறை வயதான அம்மாவையும் துணைக்கு ஒருவரையும் மட்டும் அனுப்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல.

ஊரைப் பாருங்கள், உறவைப் பாருங்கள். கடனில்லாமல் வீடு திரும்புங்கள்.