‘எல்லாம் போச்சா பாப்பா?’

தீபாவளி முடிந்து பத்தாவது நாள் இருக்கும். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், பொந்தியானிலிருந்து அப்பா ஏழு முறை அழைத்திருக்கிறார். ஏழு முறை என்றால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் மனம் ஓடும். படபடப்போடு அழைத்தேன்.

“பாப்பா, லேப்டாப்பு செத்துப்போச்சு. கறுப்பா இருக்கு. என்னமோ ‘ரெஸ்கியூ’னு போட்டிருக்கு. எல்லாம் போச்சா பாப்பா?”

அப்பா ‘எல்லாம்’ என்று சொன்னது மரண சகாய நிதிக் கணக்கை. தாமானில் நாற்பது ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நிதி அது. பொருளாளர் அப்பா. யார் சந்தா கட்டினார்கள், எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதெல்லாம் பத்து வருடத்துக்கு மேலாக அந்த ஒரே கணினியில்தான் இருக்கிறது. என் ‘எல்லாம்’ வேறு. ஊடகத்துறைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில், ஒரு பாடத்துக்காகப் பாட்டியை உட்கார வைத்துப் பேசவைத்துப் பதிவு செய்தேன். பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்த கதை, முள் கிழித்த காலோடு மண்சாலையில் நடந்த கதை, மொத்தம் நாற்பது நிமிடம். பாட்டி இப்போது இல்லை. ஒலியை வைத்துச் சோறு சாப்பிடுகிற நான், அந்தப் பதிவுக்கு ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கதையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துகிறேன்.

விண்டோஸ் 10க்குக் கொடுத்து வந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விருப்பப்பட்டவர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கு வரும் என்று அப்போது அறிவித்திருந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செயலி வேண்டும். எங்கள் வீட்டு லேப்டாப் 2012இல் அப்பா சேமிப்பை உடைத்து எனக்கு வாங்கித் தந்தது. மூன்றாம் தலைமுறை ஐ5, நான்கு ஜிபி ரேம். நான் கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்தபோது அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அண்ணன் மகளுக்கு நவம்பரில் எஸ்பிஎம். புதிது வாங்கும் நிலையில் அண்ணன் இல்லை. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, அதைத் தூக்கிப் போடவும் மனமில்லை.

அதனால் தீபாவளி விடுமுறைக்குப் போனபோது, பென்டிரைவில் லினக்ஸ் மிண்ட் 22.2ஐ ஏற்றிக்கொண்டு போனேன். எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மிண்டையும் குடிவைப்பது திட்டம். இதில் புதுமை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும், சென்னையில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தன. நம் நாட்டிலும் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் 2004லேயே வந்தது.

திட்டம் சுலபம். நான்தான் முதல் இரவே சறுக்கினேன்.

கணினியைத் திறந்தவுடன் எஃப்9 அல்லது எஃப்12ஐ (ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று) தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து தொடங்கட்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் என் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்ற எழுத்துகள், இன்னொன்றின் முன்னால் ஒன்றுமில்லை. எழுத்து உள்ளதுதான் நவீனமானது என்று நினைத்து அதை அமுக்கினேன். நிறுவும்போது நடுவில் ஒரு பெரிய எச்சரிக்கை வந்தது. முறுக்கு மாவு பிசைந்த கையோடு அதைப் படிக்காமலே ‘தொடர்க’ என்று அழுத்தினேன். எல்லாம் முடிந்தது, மறுதொடக்கம் செய்யுங்கள் என்றது. செய்தேன். எதுவுமே நடக்காதது போல விண்டோஸ் வந்து நின்றது. மிண்டின் சுவடே இல்லை.

பழைய கணினியில் லினக்ஸ் போடுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கணினிக்கு மின்சாரம் போனதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் உள்ள சிறு மென்பொருள்தான் முதலில் விழிக்கும். பழைய பாணியில் அதன் பெயர் பயாஸ். அது வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அந்த 512இல் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பிரிவினைப் பட்டியலுக்கு, மிச்சம் 2 பைட் முத்திரைக்கு. ஒரு குறுஞ்செய்தி அளவு இடத்தில் ஒரு கணினியின் விடியல் அடங்கியிருக்கிறது. புதிய பாணியான யுஇஎஃப்ஐ இப்படி வேலை செய்யாது. வட்டில் தனியாக ஒரு சிறு பிரிவை ஒதுக்கி, அதிலிருக்கும் கோப்பைத் தேடிப்போய்த் திறக்கும்.

2012ஐ ஒட்டி வந்த பல கணினிகளுக்கு இரண்டு பாணியும் தெரியும். எங்கள் வீட்டு விண்டோஸ் பழைய பாணியில் குடியிருந்தது. நான் மிண்டைப் புதிய பாணியில் குடிவைத்தேன். கணினி பழைய வாசலில் போய்க் கதவைத் தட்டினால், புதிய வாசலில் நிற்கும் மிண்ட் எப்படித் திறக்கும்? நான் படிக்காமல் தள்ளிவிட்ட எச்சரிக்கையும் இதைத்தான் சொல்லியிருக்கிறது.

இதைத் தவிர்க்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் ‘பயாஸ் மோட்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே ‘லெகசி’ என்றிருந்தால் பட்டியலில் முன்னெழுத்து இல்லாத பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். யுஇஎஃப்ஐ என்றிருந்தால் முன்னெழுத்து உள்ளதை. மறுநாள் இரவு அப்படிச் செய்து மீண்டும் நிறுவினேன். இந்த முறை கிரப் வந்தது. எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கிற பட்டியலைக் காட்டும் தொடக்க நிரலுக்குத்தான் கிரப் என்று பெயர். மேலே மிண்ட், கீழே விண்டோஸ். அண்ணன் மகள் மிண்டில் தன் குறிப்புகளை எழுத ஆரம்பித்தாள். அப்பா விண்டோஸில் கணக்கைத் தொடர்ந்தார். நானும் நிம்மதியாகக் கோலாலம்பூர் திரும்பினேன்.

அதன் பிறகுதான் அந்த ஏழு அழைப்புகள்.

வாட்ஸ்அப் காணொளியில் திரையைக் காட்டச் சொன்னேன். அப்படிப்பட்ட பிரிவு எதுவும் இல்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘கிரப் ரெஸ்கியூ’. அப்பா சொன்ன ‘ரெஸ்கியூ’ அதுதான். “யாராச்சும் லேப்டாப்ப தொட்டாங்களாப்பா?” என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து அண்ணன் குரல்: “ஒண்ணும் பண்ணல. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மெண்ட் தொறந்து பார்த்தேன். பேரே இல்லாம ஒரு எடம் சும்மா கெடந்துச்சு. டிலீட் பண்ணேன். அவ்வளவுதான்.”

அவரைத் திட்ட முடியாது. லினக்ஸ் குடியிருக்கும் பிரிவை விண்டோஸால் படிக்க முடியாது. அதனால் எழுத்தும் பெயரும் இல்லாமல் ஒரு காலி மனை மாதிரிதான் காட்டும். நான் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

விண்டோஸ் ஏன் வரவில்லை என்பதுதான் அப்பாவின் கேள்வி. அதை அழிக்கவில்லையே? கிரப் இரண்டு துண்டாக இருக்கிறது. முதல் துண்டு வட்டின் தொடக்கத்தில், அந்த 446 பைட்டிலும் அதையடுத்த சிறு இடைவெளியிலும். பட்டியலைக் காட்டும் இரண்டாவது துண்டு லினக்ஸ் பிரிவுக்குள். அண்ணன் அழித்தது இரண்டாவது துண்டு இருந்த வீட்டை. முதல் துண்டு கையில் முகவரியை வைத்துக்கொண்டு, அந்த வீடே இல்லையே என்று தெருவில் நிற்கிறது. விண்டோஸ் பக்கத்து வீட்டில் சுகமாகத்தான் இருக்கிறது, அங்கே அழைத்துப்போகத்தான் ஆள் இல்லை.

அந்தக் கறுப்புத் திரையில் எல், எஸ் என்று இரண்டு எழுத்தை அடித்து என்டர் தட்டச் சொன்னேன். வட்டும் அதன் பிரிவுகளும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கச் சொன்னால், கோப்பு முறை தெரியவில்லை என்றே பதில். இதைப் பார்த்துத்தான் பலர் வட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, வட்டையே ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். அது அப்படி அல்ல. கிரப்பின் முதல் துண்டுக்கு விண்டோஸின் கோப்பு முறையைப் படிக்கும் அறிவு பொதுவாக இருக்காது, அவ்வளவுதான். லினக்ஸ் பிரிவு இருந்திருந்தால், இதே இடத்தில் நாலு கட்டளையில் அதைக் காட்டிக் கொடுத்துத் தொடங்க வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் காட்டிக் கொடுக்கப் பிரிவே இல்லை.

பென்டிரைவ் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா வைத்த இடம். அதைச் செருகி, எஃப்9 தட்டி, முன்னெழுத்து இல்லாததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பென்டிரைவில் உள்ள மிண்ட், வட்டைத் தொடாமல் தானே ஓடக்கூடியது. ஐந்து நிமிடத்தில் திரை பச்சையாகத் துலங்கியது. வட்டின் படத்தைத் திறந்தால் விண்டோஸ் கோப்புகள் அத்தனையும் அப்படியே.

“அப்பா, ‘பாட்டி’னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல முதல் ஃபைல தட்டுங்க.”

நிலையத்தின் நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றேன். கைப்பேசியில், முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால், கரகரவென்று ஒரு லேப்டாப் ஒலிபெருக்கி. “எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” என்று பாட்டி கேட்டார். அப்பா எதுவும் பேசவில்லை. முழுப் பதிவும் ஓடட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு கணக்குக் கோப்புகளையும் அதையும் இன்னொரு பென்டிரைவில் நகலெடுக்கச் சொன்னேன்.

மிச்சம் இருந்தது அண்ணன் மகளின் குறிப்புகள். பத்து நாள் உழைப்பு, தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டது. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் அவளே அழைத்தாள். குரல் தழுதழுத்தது. “அத்தை, என்னோடது மட்டும்தான் போச்சா?”

போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு பிரிவை நீக்கினால் உடனே அழிவது பட்டியலில் உள்ள அதன் பதிவு மட்டும்தான். உள்ளே உள்ளது, அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரை, அங்கேயே கிடக்கும். நல்ல வேளையாக அண்ணன் நீக்கியதோடு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அந்த இடத்தை விண்டோஸோடு சேர்க்கவும் இல்லை, ஃபார்மட் செய்யவும் இல்லை. டெஸ்ட்டிஸ்க் என்றொரு இலவச மென்பொருள் உண்டு. வட்டை முழுக்கத் துழாவி, பட்டியலில் இல்லாத பழைய பிரிவுகளைக் கண்டுபிடிக்கும். பென்டிரைவ் மிண்டிலேயே, வீட்டு இணையத்தில் அதை இறக்கினாள். வட்டைத் தேர்ந்தெடுத்து ஆய்வு, அடுத்து விரைவுத் தேடல். ‘லினக்ஸ்’ என்று ஒரு வரி வந்தது. அந்த வரியில் நின்று ‘பி’ எழுத்தைத் தட்டினால் உள்ளே உள்ள கோப்புகள் தெரியும். “என் செஜாரா நோட்டு இருக்கு அத்தை!” என்று கத்தினாள்.

கோப்புகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ‘எழுது’ என்ற கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். அதுவரை அந்த மென்பொருள் பார்க்கிறதே தவிர எதையும் மாற்றுவதில்லை. நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள். மறுதொடக்கம் செய்தாள். முகவரியில் வீடு திரும்ப வந்துவிட்டதால் கிரப் தானே எழுந்து பட்டியலைக் காட்டியது. காட்டாமல் போயிருந்தால், பென்டிரைவ் மிண்டிலேயே இருக்கும் ‘பூட் ரிப்பேர்’ என்ற கருவியை ஓடவிடலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மதர்போர்டில் காசு அளவில் சிஆர்2032 என்ற பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால், மின்சாரத்தைப் பிடுங்கும்போதெல்லாம் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். நேற்று நன்றாகத் தொடங்கிய லினக்ஸ் இன்று வராமல், கடிகாரமும் பழைய ஆண்டைக் காட்டினால், மென்பொருளைத் திட்டாமல் அந்தப் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அடுத்தது, கொஞ்சம் புதிய கணினி என்றால் செக்யூர் பூட் என்ற காவல் இருக்கும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, இரண்டு இயங்குதளமும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது. ஆகவே உங்கள் கை தவறாமலும் இப்படி நடக்கலாம். பென்டிரைவ் ஒன்றை எப்போதும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சாமி மேடை நல்ல இடம்தான்.

பாட்டியின் பதிவு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. அண்ணன் லேப்டாப் மூடியில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: ‘பேர் இல்லாத இடம் காலி இடம் இல்லை.’

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடி அழைத்தார். நிதியின் செயலாளர் வீட்டிலும் ஒரு பழைய கணினி இருக்கிறதாம். அவர் மகன் தூக்கிப்போடப் பார்த்தானாம், அப்பா தடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பென்டிரைவைச் செருகியாகிவிட்டது.

“இதுலயும் பேரு ரெண்டு தடவ வருது பாப்பா. உள்ள லெகசினு போட்டிருக்கு. அப்ப முன்னெழுத்து இல்லாததுதானே?”

“ஆமாப்பா. முதல்ல அவங்க ஃபைல நகல் எடுத்துட்டீங்களா?”

“அது நேத்தே எடுத்தாச்சு.”