நலிந்த குஞ்சைக் கைவிடலாமா?

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. தாய்க்கோழியைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. ஆயினும் முடமான குஞ்சுகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவற்றை முடமாக்கியது தாயின் கால் அன்று; பெரும்பாலும் நாம் பெட்டிக்குள் விரித்து வைத்த செய்தித்தாளே. வழவழப்பான தாளின்மேல் ஊன்றி நிற்கப் பிடிப்பு இல்லாமையால், பிறந்த குஞ்சின் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போகின்றன. ஒரு நாள் பார்க்கிறோம். மறுநாளும் அது எழவில்லையெனின், "இது தேறாது" என்று சொல்லி வேலிக்கு அப்பால் போட்டுவிடுகிறோம். இம்முடிவு அவசர முடிவு என்பதே அடியேன் கருத்து.

சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்டங்களில், லயத்து வீட்டின் பின்புறம் ஒரு கோழிக்கூண்டும் நாலு பாத்திக் கீரையும் இருப்பது வழக்கமாக இருந்தது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் போய்த் தாமான் வீடுகள் வந்தன, கூண்டுகளும் குறைந்தன. கடையில் கோழி கிடைக்கும்போது வளர்ப்பானேன் என்று கேட்போர் 2022-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். தீவன விலை ஏறிக் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, அவ்வாண்டு சூன் முதல் நாளிலிருந்து அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்த வேண்டியதாயிற்று. கொல்லையில் பத்துக் கோழி வைத்திருந்தவருக்கு அன்று முட்டைக்காவது கவலையில்லை. பத்துக் கோழியும் பத்துக் குஞ்சாக இருந்தவைதாம். ஓர் அடையில் பத்து பொரித்து மூன்று நலிந்து போனால், அக்குடும்பத்துக்கு அது சிறு நட்டமன்று.

நலிவுகளுள் நம்மால் நீக்கக் கூடியவை சில உண்டு. கால் விரிந்த குஞ்சுக்கு மருந்தே வேண்டுவதில்லை. மென்மையான கம்பளி நூலையோ, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் மெல்லிய துண்டையோ எடுத்து, இரு கால்களும் இயல்பான அகலத்தில், ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில், நிற்குமாறு தளர்வாகக் கட்ட வேண்டும். கட்டு இறுகினால் பாதம் வீங்கும். ஆகவே காலையும் மாலையும் பார்ப்பது கட்டாயம். பெட்டியின் அடியில் தாளை எடுத்துவிட்டுப் பழைய கோணிச்சாக்கை விரிக்க வேண்டும். இளங்குஞ்சின் எலும்பு மெழுகு போன்றது. முதல் சில நாள்களுக்குள் செய்தால் பெரும்பாலும் நேராகிவிடும். ஒரு வாரம் கழித்துச் செய்தால் பயன் குறைவு. எனவேதான், "பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுவதை யான் ஏற்கவில்லை.

அடுத்து, கழிவு ஒட்டிக்கொள்ளும் தொல்லை. குளிராலோ, மிகுந்த வெப்பத்தாலோ, பயணக் களைப்பாலோ குஞ்சின் எச்சம் பின்புறத்து மயிரில் ஒட்டி உலர்ந்து, வழியை அடைத்துவிடும். அடைபட்டே நின்றால் குஞ்சு இறந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடைத்தெடுத்து, ஈரம் உலர்த்தி, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். உலர்ந்ததைப் பிய்த்து இழுத்தால் தோலும் உடன் வரும். இங்கே மாணவர்கள் ஒன்றை நன்கு கவனிக்க வேண்டும்: அவ்விடத்துக்குச் சற்றுக் கீழே வயிற்றின் நடுவில் தெரியும் சிறு கருப்புப் பொருக்கு எச்சமன்று, அது தொப்புள். அதனைக் கிள்ளக் கூடாது. தொப்புள் ஆறாமல் ஈரமாக இருப்பின் அயோடின் தடவித் தூய்மையான துணியின்மேல் தனியே வைக்கலாம். வயிறு நீலம் பாய்ந்து, வீங்கி, நாற்றமும் எடுத்துவிட்டதெனின், அக்குஞ்சு பிழைப்பது அரிது. அதனை உடனே பிறவற்றிலிருந்து பிரிப்பதே செய்யத்தக்கது.

விரல்கள் உட்புறமாகச் சுருண்ட குஞ்சுகளும் உண்டு. சூடு மாறியதால் நேர்வதும் உண்டு. ரைபோபிளேவின் எனப்படும் உயிர்ச்சத்தின் குறைவால் நேர்வதும் உண்டு. அக்குறை பல வேளைகளில் தாய்க்கோழியின் தீனியிலிருந்தே தொடங்குகிறது. வெறுஞ்சோற்றை மட்டும் இறைக்கும் வீட்டில் முட்டையே சத்தற்றதாகிவிடுகிறது. அட்டையைப் பாதம்போல் வெட்டி, விரல்களை நீட்டி ஒட்டி இரண்டொரு நாள் வைப்பது குஞ்சுக்கு மருத்துவம். கீரையும் நல்ல தீவனமும் போடுவது தாய்க்கு மருத்துவம்.

தீட்டிய அரிசி கோழியை முடக்கும் என்பது வெறும் பேச்சன்று. உலக மருத்துவ வரலாற்றில் இடம் பெற்ற செய்தி. 1890-களில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற காலத்தில் அவை விழுந்தன. தீட்டாத அரிசியைத் தின்றதும் தேறின. அந்த ஆய்வின் வழி வந்ததே 1929-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு. நம் நாட்டிலும் அந்நாளில் பெரிபெரி நோய் பல உயிர்களைக் குடித்தது. கோலாலம்பூரில் மனநல விடுதியொன்றில் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905-ஆம் ஆண்டு தொடங்கிய சோதனையில், வெள்ளை அரிசி உண்டவரிடையே நோய் பரவிற்று; புழுங்கல் அரிசி உண்டவர் தப்பினர். புழுங்கல் அரிசியை விடாமல் உண்டு வந்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாக இருந்ததை பிராடன் என்னும் மருத்துவரும் எடுத்துக்காட்டினார். நம் பாட்டிமார் சோற்றுப் பானையில் இருந்த அறிவை மருத்துவர்கள் கோழியின் காலில் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

நலிந்த குஞ்சுக்கு முதலில் வேண்டுவது தீனியன்று, சூடு. இதனை எத்துணை முறை சொன்னாலும் தகும். முட்டையின் மஞ்சட்கருவில் எஞ்சியதை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளிவருகிறது. இரண்டு மூன்று நாளுக்கு அதுவே உணவு. முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும்; பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைத்து வரலாம். நம் ஊர் நண்பகலில் அது பெரிய காரியமன்று. மாலை மழையும் விடியற்காலையுமே ஆபத்தான வேளை. மின்விளக்கு இல்லாவிடின் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். குஞ்சுகள் நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர். விலகி ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. சூடேறிய பின்னரே சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரை அலகின் ஓரத்தில் துளித்துளியாக வைக்க வேண்டும். தொண்டைக்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

அன்பின் மிகுதியால் செய்யும் கேடுகளும் உண்டு. முட்டையோட்டில் துளை விழுந்தவுடன் குழந்தைகள் ஓட்டை உரித்துவிடத் துடிக்கிறார்கள். துளை விழுந்தபின் ஒரு நாள் வரை குஞ்சு எடுத்துக்கொள்வது இயற்கை. உரித்தால் இரத்தக் குழாய் அறுந்துபோகும். பெரியவர்களோ, வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்குகிறார்கள். நோய்க்கிருமிக் கொல்லி மருந்தைக் கண்டபடி கொடுத்தால் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாகிவிடுகின்றன; பின்னர் நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே மருந்து பயன்படாமற் போகும். கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடைகளுக்கு அளிப்பதை 2019-ஆம் ஆண்டில் நம் நாடு தடை செய்ததும் இக்காரணம் பற்றியே. ஆகவே, கால் கட்டுவதும் கழிவு துடைப்பதும் நம் வேலை; மருந்து கொடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. ஒரே நாளில் பல குஞ்சுகள் தலை தொங்கினாலும், மூச்சில் ஒலி கேட்டாலும், கழுத்து முறுக்கிக்கொண்டாலும், மறைக்காமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்ல வேண்டும். நியூகாசல் நோய் வந்தால் கூண்டே வெறிச்சோடிப் போகும். அதற்குத் தடுப்பு மருந்துண்டு. கொல்லைக் கோழிகளைப் பிடித்து ஊசி போடுவது கடினமென்பதால், தீனியில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தை 1980-களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளருடன் சேர்ந்து உருவாக்கினார்கள் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

"ஒரு குஞ்சுக்கு இத்துணைப் பாடா? வலியது பிழைக்கும், மெலியது போகும், அதுவே இயற்கை" என்பார் உளர். தாய்க்கோழியே அடைகாத்து, தானே காட்டில் மேய்த்தால் அவ்வாதம் ஒருவாறு பொருந்தும். அட்டைப் பெட்டியும் செய்தித்தாளும் வெறுஞ்சோறும் இயற்கையன்று, நாம் செய்தவை. நம்மால் வந்த நலிவை நாமே நீக்குவது தானே முறை? அலகு கோணிப் பிறந்ததையும், மீண்டும் மீண்டும் வீழ்வதையும் இனப்பெருக்கத்துக்கு விடலாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு அந்த நூற்கட்டு எளிது. தகப்பனாரின் காய்த்த விரலுக்கு அது வராது. குஞ்சைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவும் வழக்கம் மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்சுவது வேண்டா.

தேறிய குஞ்சைத் தாயிடம் சேர்க்கும்போது பகலில் விடாதீர்கள், அந்நியமென்று கொத்திவிடும். கட்டை அவிழ்த்து, அரைநாள் நடக்கவிட்டுப் பார்த்து, இருட்டிய பின் கூண்டைத் திறந்து ஓசையின்றித் தாயின் இறகுக்கடியில் வைத்துவிடுங்கள். விடிந்ததும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.